மாலை மாற்றும் கையில் ஏன் சீப்புப் பல்? பழைய இன்டர்லேஸ் காட்சியும் புதிய புரோகிரசிவ் காட்சியும் ஒரே டைம்லைனில்

அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபத்தில் ஓட்ட ஒரு வீடியோ வேண்டும் என்று வீட்டார் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவரும் சரக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 1990-களின் கல்யாண வி.எச்.எஸ். கேசட், பிள்ளையின் காதுகுத்துக்கு எடுத்த மினி டிவி (MiniDV) கேசட், மகளின் நிச்சயதார்த்தத்துக்கு டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் எடுத்த கோப்புகள், அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த செல்போன் துண்டுகள். எல்லாவற்றையும் ஒரே டைம்லைனில் போட்டு, அளவைச் சரிக்கட்டி, பாட்டைச் சேர்த்து ரெண்டர் கொடுத்துவிடுவார்கள். எல்.இ.டி. திரையில் ஓடும்போதுதான் தெரியும், மாலை மாற்றும் கை நகரும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் பிய்ந்து நிற்பது. “பழைய கேசட் இல்லையா, அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு சமாதானமும் தயாராக இருக்கும்.

கேசட்டின் மேல் பழி போடுவது நியாயமில்லை. அதே கேசட் அன்றைக்கு வீட்டுத் தொலைக்காட்சியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. நாடா பழசானால் நிறம் மங்கும், படம் நடுங்கும், கீழ் ஓரத்தில் ஒரு பட்டை இரைச்சல் தெரியும். சீப்புப் பல் அந்த ரகம் அல்ல. அது எடிட்டிங் கணினியில், யாரும் கவனிக்காமல் எடுக்கப்பட்ட ஒரு முடிவால் வருவது. அந்த முடிவு படத்தின் தெளிவைப் பற்றியதுகூட அல்ல, நேரத்தைப் பற்றியது.

இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த பால் (PAL) தொலைக்காட்சி முறையில் ஒரு ஃபிரேமுக்கு 625 கோடுகள். அதில் படமாகத் தெரிபவை 576. வினாடிக்கு 25 ஃபிரேம். ஆனால் கேமரா ஒரு ஃபிரேமை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. முதலில், உதாரணத்துக்கு, ஒற்றைப்படைக் கோடுகள் 288, அடுத்த ஐம்பதில் ஒரு பங்கு வினாடியில் இரட்டைப்படைக் கோடுகள் 288. இந்தப் பாதிக்குத்தான் ஃபீல்டு என்று பெயர். இப்படிப் பாதி பாதியாக எடுப்பது இன்டர்லேஸ், முழு ஃபிரேமையும் ஒன்றாக எடுப்பது புரோகிரசிவ். ஒரே படத்தை இரண்டாகக் கிழித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. இரண்டும் இரண்டு வெவ்வேறு கணங்கள். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு வினாடியில் நகரும் கை, 720 பிக்சல் அகலப் படத்தில் ஒரு ஃபீல்டுக்கும் அடுத்த ஃபீல்டுக்கும் இடையே சுமார் 14 பிக்சல் தள்ளிப் போயிருக்கும். இரண்டு ஃபீல்டையும் ஒன்றாகக் கோத்து ஒரே படமாகக் காட்டினால், ஒரு கோட்டில் கை இங்கே, அடுத்த கோட்டில் 14 பிக்சல் தள்ளி. சீப்புப் பல் அதுதான். அசையாத இடத்தில் இது தெரியவே தெரியாது; பந்தக்காலும் குத்துவிளக்கும் துல்லியமாக நிற்கும், ஐயர் கை மட்டும் பிய்ந்திருக்கும்.

இப்படி ஒரு ஏற்பாட்டை எதற்குச் செய்தார்கள் என்பது தெரிந்தால், இன்டர்லேஸை மட்டமான தரம் என்று பேசுவது குறையும். 1936 நவம்பரில் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது இரண்டு முறைகள் மாறி மாறி ஓடின. தொலைக்காட்சி முன்னோடி பெயர்டின் முறை 240 கோடு, வினாடிக்கு 25 முழுப் படம். இன்றைய பேச்சில் சொன்னால் புரோகிரசிவ். மார்கோனி-இ.எம்.ஐ. முறை 405 கோடு, வினாடிக்கு 50 ஃபீல்டு, இன்டர்லேஸ். சில மாதங்களுக்குள், 1937 தொடக்கத்திலேயே, பெயர்டு முறையைக் கைவிட்டார்கள். படக்குழாய்த் திரை வினாடிக்கு 25 தடவை மட்டும் மின்னினால் கண் கூசும். 50 தடவை முழுப் படம் அனுப்பினால் அலைவரிசையில் இரட்டிப்பு இடம் வேண்டும். பாதிக் கோடுகளை 50 தடவை அனுப்பினால் மின்னலும் அடங்கும், இடமும் மிஞ்சும், அசைவும் வழவழப்பாக வரும். அந்தக் காலத்துக்கு அது அபாரமான யோசனை. 50 என்ற எண் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை ஒட்டி வந்தது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் அதனால்தான் 60. படக்குழாய் ஒரு ஃபீல்டை வரைந்து, அது மங்கும்போது அடுத்ததை வரைந்ததால் இரண்டு கணங்களும் ஒன்றின் மேல் ஒன்று நின்று மோதிக்கொள்ளவே இல்லை. எல்லாக் கோட்டையும் ஒரே நேரத்தில் காட்டும் தட்டைத் திரை வந்த பிறகுதான் மோதல்.

நம் கல்யாண மண்டபங்களில் மோதல் தொடங்கிய காலத்தைக்கூட ஓரளவு சொல்லிவிடலாம். மினி டிவி கேசட் போடும் கேமராக்களும், பின்னால் வந்த எச்.டி.வி., ஏ.வி.சி.எச்.டி. கேமராக்களும் இங்கே பெரும்பாலும் 50ஐ முறையில், அதாவது வினாடிக்கு 50 இன்டர்லேஸ் ஃபீல்டாகத்தான் எடுத்தன. 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. முதலில் அதில் 30 ஃபிரேம் மட்டும்தான். 2010-இல் மென்பொருள் புதுப்பிப்பு வந்து 24-உம் 25-உம் சேர்ந்தன. அதன் பிறகு மேடைக்கு வீடியோ கேமரா, கேண்டிட் காட்சிகளுக்கு டி.எஸ்.எல்.ஆர். என்று ஒரே முகூர்த்தத்தை 50ஐ ஒரு பக்கமும் 25பி (வினாடிக்கு 25 புரோகிரசிவ் ஃபிரேம்) ஒரு பக்கமுமாக எடுக்கும் வழக்கம் பரவியது. இரண்டும் 1920க்கு 1080 தானே, கலந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் ஒன்றில் வினாடிக்கு 50 கணங்கள் இருக்கின்றன, மற்றதில் 25. ஒரு ஷாட்டில் நாதஸ்வரக்காரர் விரல்கள் நேரலை ஒளிபரப்பு மாதிரி ஓடும், அடுத்த ஷாட்டில் சினிமா மாதிரி லேசாகத் தத்தும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் படும்.

இனி மென்பொருள் செய்யும் காரியம். பிரீமியர் போன்ற எடிட்டிங் மென்பொருள்களில் காலியான டைம்லைனில் முதலில் எந்த கிளிப்பை இழுத்துப் போடுகிறோமோ, சீக்வன்ஸ், அதாவது டைம்லைனின் அமைப்பு, அதன் அச்சில் அமையும். முதலில் விழுந்தது டி.எஸ்.எல்.ஆர். கோப்பு என்றால் சீக்வன்ஸ் 25பி. அதில் பின்னால் வரும் 50ஐ காட்சியைச் சில மென்பொருள்கள் ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிட்டு மீதிப் பாதியை இழுத்து நிரப்பும். சில அப்படியே கோத்துச் சீப்பாக்கும். முதலில் விழுந்தது கேம்கார்டர் கோப்பு என்றால் சீக்வன்ஸ் இன்டர்லேஸாகிவிடும்; நாம் கவனிக்காவிட்டால் யூடியூபுக்குப் போகும் கோப்பும் இன்டர்லேஸாகவே வெளியேறும். யூடியூபோ, ஏற்றுமுன் டீஇன்டர்லேஸ் செய்துவிடுங்கள் (ஃபீல்டுகளை முழு ஃபிரேம்களாக மாற்றிவிடுங்கள்) என்று தன் வழிகாட்டுதலிலேயே சொல்கிறது. ஆக, எந்த கிளிப் முதலில் கைக்கு வந்தது என்பதே முழு வீடியோவின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

இதைவிட மோசம், எடிட் செய்யும்போது இது கண்ணில் படாது. பிரீமியரின் மானிட்டர் வழக்கமாக முதல் ஃபீல்டை மட்டும் காட்டும்படி இருக்கும். ஓட்டம் தடுமாறக்கூடாது என்று பாதித் தெளிவில் வைத்திருந்தால் சந்தேகம் வரவே வாய்ப்பில்லை. மானிட்டர் அமைப்பில் இரண்டு ஃபீல்டையும் காட்டச் சொல்லி, அளவை 100 சதவீதத்தில் வைத்து, அட்சதை தூவும் இடத்திலோ மாலை மாற்றும் இடத்திலோ நிறுத்திப் பாருங்கள். விளிம்பில் ஒரு கோடு விட்டு ஒரு கோடு பல் தெரிந்தால் அது இன்டர்லேஸ்.

பல் மெல்லியதாக, சரியாக ஒரு கோடு தடிமனில் இருக்கும்வரை பயமில்லை. இரண்டு ஃபீல்டும் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் பிரித்தெடுக்கலாம். பல் தடித்து, அலை அலையாக, ஓரம் குழைந்து தெரிந்தால்தான் கவலை. டீஇன்டர்லேஸ் செய்யாமலே படத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். 576 கோட்டை 1080 ஆக்குவது 1.875 மடங்கு இழுப்பது. அந்த இழுப்பில் ஒவ்வொரு புதிய கோடும் பக்கத்துக் கோடுகளைக் கலந்து பிறக்கிறது. பக்கத்துக் கோடு வேறொரு கணத்தைச் சேர்ந்தது. கலந்த பிறகு எது எந்த ஃபீல்டு என்று பிரிக்க எந்த ஃபில்டராலும் முடியாது. பழைய கல்யாண வீடியோக்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில்தான். படத்தைச் சாய்ப்பது, நடுக்கம் போக்கும் எஃபெக்ட், பிக்சர்-இன்-பிக்சர் சிறிதாக்கல் எல்லாவற்றுக்கும் இதே கதி. ஒரு கிளிப்பை ஒரே ஒரு கோடு மேலேயோ கீழேயோ நகர்த்தினால்கூட ஒற்றைப்படைக் கோடு இரட்டைப்படை இடத்துக்குப் போய் ஃபீல்டு வரிசை தலைகீழாகிவிடும். அதனால் வரிசை இதுதான்: கேசட்டிலிருந்து வந்த அதே அளவில், வேறு எதையும் தொடுவதற்கு முன், டீஇன்டர்லேஸ். பெரிதாக்கல், நிறத் திருத்தம், மற்றதெல்லாம் பிறகு.

ஃபீல்டு வரிசை என்று சொன்னேன் அல்லவா, அது தனியே ஒரு வம்பு. மினி டிவி பதிவில் கீழ் ஃபீல்டு (இரட்டைப்படைக் கோடுகள்) முதலில் வரும். 1080ஐ எச்.டி. பதிவில் மேல் ஃபீல்டு (ஒற்றைப்படைக் கோடுகள்) முதலில். வி.எச்.எஸ்.ஸை எந்தக் கருவி வழியாகக் கணினிக்கு ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்து இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். மாறிப் போனால் நேரம் 2, 1, 4, 3, 6, 5 என்று ஓடும். மணமகள் நடந்து வருவது ஓரடி முன்னே, அரையடி பின்னே என்று உதறும். இதைச் சீப்புப் பல் என்று நினைத்து டீஇன்டர்லேஸ் ஃபில்டரை இன்னும் பலமாகப் போடுகிறவர்கள் உண்டு, பலன் இருக்காது. 50 ஃபிரேமாகப் பிரித்து ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். கை முன்னும் பின்னும் போனால் வரிசை தவறு. பிரீமியரின் இன்டர்பிரெட் ஃபுட்டேஜ் அமைப்பில் வரிசையை மாற்றினால் போதும்.

டீஇன்டர்லேஸ் செய்யும் முறைகளில் இரண்டு ஃபீல்டையும் குழைத்து ஒன்றாக்கும் பிளெண்ட் முறையைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. சீப்பு போகும், பதிலுக்கு ஒவ்வொரு கையும் ஆவி மாதிரி இரட்டைக் கையாகும், பிறகு திருத்தவும் முடியாது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் உள்ள யாடிஃப், அதன் வழிவந்த பி.டபிள்யூ.டிஃப் ஆகிய ஃபில்டர்கள் அசையாத இடத்தில் இரண்டு ஃபீல்டையும் கோத்துத் தெளிவைக் காப்பாற்றும். அசையும் இடத்தில் மட்டும் ஒரு ஃபீல்டிலிருந்து விடுபட்ட கோடுகளை ஊகித்து வரையும். 1080ஐ காட்சிக்கு இது போதும். இரைச்சலும் நடுக்கமும் நிறைந்த வி.எச்.எஸ்.ஸுக்கு ஏ.வி.ஐ.சிந்த் என்ற மென்பொருளில் ஓடும் கியூ.டி.ஜி.எம்.சி. அசைவைத் தொடர்ந்து பார்த்து வேலை செய்வதால் பலகையோரம், பட்டுக் கரையோரம் எல்லாம் துடிக்காமல் அடங்கி நிற்கும். மெதுவாகத்தான் ஓடும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகவேண்டியதுதான். எதைப் பயன்படுத்தினாலும் ஒன்று முக்கியம்: ஒரு ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம், அதாவது 50 ஃபிரேம் வரும்படி அமைக்கவேண்டும். யாடிஃபை எதுவும் சொல்லாமல் ஓட்டினால் 25 தான் தரும், பாதிக் கணங்கள் சத்தமில்லாமல் போய்விடும்.

50 கைக்கு வந்தபின் டைம்லைன் 50பி-யா 25பி-யா என்று தீர்மானிக்கலாம். பழைய காட்சி நிறைய, புதியது கொஞ்சம் என்றால் 50பி வைத்துக்கொள்ளுங்கள். 25பி காட்சியில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு தடவை வரும், அவ்வளவுதான். ஒரு சேதமும் இல்லை. புதியது நிறைய, பழையது ஃபிளாஷ்பேக் மாதிரி அங்கங்கே என்றால் 25பி. ஒன்று விட்டு ஒரு ஃபிரேமைத் தள்ளிவிட்டால் தத்தாதா என்று கேட்கலாம். இங்கே கணக்கு நமக்குச் சாதகமாக இருக்கிறது. மண்டப வெளிச்சத்தில் கேம்கார்டர்கள் பெரும்பாலும் ஐம்பதில் ஒரு பங்கு வினாடி ஷட்டரில்தான் எடுத்திருக்கும். 25 ஃபிரேம் சினிமாத்தனத்துக்கு டி.எஸ்.எல்.ஆரில் நாம் வைக்கும் ஷட்டரும் அதே ஐம்பதில் ஒரு பங்குதான். ஆகவே பாதியைத் தள்ளிய பழைய காட்சி, அசைவின் குழைவில் புதிய காட்சியோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். பகல் வெயிலில் கோயில் வாசலில் எடுத்த பகுதிகள் மட்டும் முரண்டு பிடிக்கும், தானியங்கி ஷட்டர் எகிறியிருக்கும் என்பதால். தள்ளப்போகும் பாதியையும் வீணாக்கவேண்டாம்: தாலி கட்டும் நொடியை 50-இலிருந்து பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஃபிரேமையும் ஊகிக்காமல் அசல் ஸ்லோமோஷன் கிடைக்கிறது.

கோப்பின் முகவரிச் சீட்டை, அதாவது அது இன்டர்லேஸா புரோகிரசிவா என்று அதில் உள்ள குறிப்பை, அப்படியே நம்பிவிடவும் கூடாது. சில கேமராக்கள் 25பி ஆக எடுத்ததை 50ஐ உறைக்குள் போட்டுப் பதிவு செய்யும். மென்பொருள் இன்டர்லேஸ் என்று படித்துக்கொண்டு, தேவையே இல்லாமல் டீஇன்டர்லேஸ் செய்து, ஜரிகைக் கோடுகளை ரம்பமாக்கிவிடும். அசையும் இடத்தில் நிறுத்திப் பார்த்தால் பல் இருக்காது; அப்போது புரோகிரசிவ் என்று கையால் மாற்றிச் சொல்லவேண்டும். தொலைக்காட்சியிலிருந்து கேசட்டில் பிடித்த சினிமாப் பாட்டும் பெரும்பாலும் இந்த வகை. 24 ஃபிரேமில் எடுத்த படத்தை 25 ஆக ஓட்டி ஒளிபரப்பினார்கள், ஒரு பிலிம் ஃபிரேம்தான் இரண்டு ஃபீல்டாகிறது. (அதே பாட்டின் ஒலியை சி.டி.யிலிருந்து எடுத்து ஒட்டினால் உதடு ஒட்டாமல் விலகிக்கொண்டே போவதும் இந்த 4 சதவீத வேகத்தால்தான்.) எதிர்த் திசையிலும் பொய் உண்டு: புரோகிரசிவ் என்று குறித்த எம்.பி.4-இல் பல் அப்படியே உறைந்திருக்கும். கண்ணை நம்பமுடியாத அளவு இருட்டான காட்சி என்றால் எஃப்எஃப்எம்பெக்கின் ஐடெட் ஃபில்டர் ஒவ்வொரு ஃபிரேமும் இன்டர்லேஸா புரோகிரசிவா என்று எண்ணிச் சொல்லும்.

அரக்குப் பட்டுப் புடவையின் ஓரம் மட்டும் படிக்கட்டு மாதிரி உடைந்து, மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் அது வேறு கோளாறு. இந்தக் கோப்புகளில் நிறத் தகவல் இரண்டு கோட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், அதுவும் அந்தந்த ஃபீல்டுக்குள்ளேயே. புரோகிரசிவ் என்று நினைத்து நிறத்தை விரித்தால் ஒரு ஃபீல்டின் சிவப்பு மற்றதன் கோட்டில் ஏறி உட்கார்ந்துவிடும். சிவப்பில் வெளிச்சம் குறைவு, நிறம் அதிகம் என்பதால் அங்கேதான் முதலில் கண்ணில் படும். இதற்கும் மருந்து, கோப்பை முதலில் இன்டர்லேஸாக அடையாளம் காட்டுவதுதான்.

செல்போன் காட்சிக்கும் இன்டர்லேஸுக்கும் சம்பந்தமில்லை. அது எப்போதும் புரோகிரசிவ். அங்கே சிக்கல் 30 ஃபிரேம், அதுவும் நிலையில்லாத 30. டொரன்டோவிலிருந்து அத்தை வீட்டார் அனுப்பும் பழைய கேசட்டில் இன்டர்லேஸும் ஒத்துவராத ஃபிரேம் எண்ணிக்கையும் சேர்ந்து வரும்: 525 கோடு, வினாடிக்கு 59.94 ஃபீல்டு. முதலில் 59.94 ஃபிரேமாகப் பிரித்து, பிறகே 50-க்கோ 25-க்கோ மாற்றவேண்டும். இரண்டையும் ஒரே அடியில் டைம்லைனிடம் விட்டால் பல்லும் தத்தலும் சேர்ந்தே வரும்.

தொலைக்காட்சி அலைவரிசைக்கு 1080ஐ கேட்டால் பயணம் தலைகீழ். 50பி டைம்லைன் இருந்தால் சுலபம், ஒரு ஃபிரேமிலிருந்து ஒற்றைப்படைக் கோடு, அடுத்ததிலிருந்து இரட்டைப்படைக் கோடு. இங்கே பிரச்சினை எழுத்தில் வரும். ‘ப’, ‘ட’, ‘ம’ போன்ற எழுத்துகளுக்குத் தட்டையான அடிக்கோடு உண்டு. மெல்லிய எழுத்துருவில் அது ஒரே பிக்சல் தடிமனில் அமைந்தால் ஒரு ஃபீல்டில் மட்டும் இருக்கும். படக்குழாயில் வினாடிக்கு 25 தடவை மின்னும், தட்டைத் திரையிலும் தொலைக்காட்சியின் டீஇன்டர்லேஸர் தடுமாறினால் துடிக்கும். ஆங்கில டைட்டில் சும்மா இருக்க, பக்கத்தில் தமிழ்ப் பெயர் மட்டும் நடுங்குவதை இப்படி விளக்கலாம். இன்டர்லேஸ் கேமராக்கள் மேலும் கீழுமாகப் படத்தை லேசாகக் குழைத்தே எடுத்தன. கணினியில் செய்த எழுத்துக்கு அந்தக் குழைவு கிடையாது. தடித்த எழுத்துரு அல்லது செங்குத்தாக அரை, ஒரு பிக்சல் பிளர் கொடுத்தால் அடங்கிவிடும்.

புதிதாக இன்டர்லேஸ் எடுப்பது குறைந்துகொண்டே போகிறது. 2012-இல் 4கே, 8கே ஒளிபரப்புக்கு வகுத்த ரெக். 2020 தரத்தில் புரோகிரசிவ் மட்டும்தான். ஆனால் பீரோக்களில் கிடக்கும் கேசட்டுகள் 50ஐ-யாகவே இருக்கும். டீஇன்டர்லேஸ் செய்யும் மென்பொருள் வருடத்துக்கு வருடம் தேறிக்கொண்டிருப்பதால், ஏற்றும்போதே அதைச் செய்து அசலை அழித்துவிடுவது அவசரம். மினி டிவி கேசட்டை ஃபயர்வயர் கேபிள் வழியாக ஏற்றினால் நாடாவில் உள்ள எண்கள் அப்படியே கோப்பாக இறங்கும், ஃபீல்டும் வரிசையும் கலையாமல். ஸ்டுடியோக்களில் வழக்கமாகக் கொடுப்பது சுருக்கிய எம்.பி.4; அதோடு அசல் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். “ரொம்பப் பெரிசு சார்” என்பார்கள். ஒரு மணி நேர கேசட் சுமார் 13 ஜி.பி. வரும், சாதாரண 16 ஜி.பி. பென் டிரைவில் அடங்கிவிடும்.